அலையைப் பிடித்த அறிஞர்

நுழையும்முன்

கடலலை கண்ணுக்குத் தெரியும், செவிக்குக் கேட்கும். வானொலி அலையோ புலன்களுக்கு எட்டாது. ஓடும் ஊர்தியிலும் அதைப் பற்றிப் பாட்டாகவும் செய்தியாகவும் மாற்றித் தருகின்றன இன்றைய கருவிகள். அக்கருவிகளுக்கு வழிகோலிய இந்திய அறிஞர் ஒருவரின் வாழ்வைக் கூறுகிறது இப்பாடம்.

சிப்பியும் முத்தும்

தூத்துக்குடித் துறைமுகத்தை நோக்கி விரையும் மகிழுந்தில் விசையைத் தொட்டதும் வானொலி பேசுகிறது. இலங்கை வரை எட்டுமாறு 200 கிலோவாட் திறனுடன் நிறுவப்பட்டது தூத்துக்குடி வானொலியின் 1053 கிலோஹெர்ட்ஸ் மத்திய அலை. அவ்வலை நிலத்தைவிட உப்புநீரின்மேல் வலுக்குன்றாமல் நெடுந்தொலைவு செல்லும். ஆயினும் ஊர்தியின் இரும்புக்கூடு அலையைத் தடுப்பதால், அலைவாங்கியை வெளிப்புறத்திலோ கண்ணாடியிலோ பொருத்துகின்றனர்.

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தோர் அன்று கடலடிப் பார்களிலிருந்து சிப்பிகளை அள்ளி வந்தனர். பின்னர் அவற்றைப் பிரித்து முத்தைத் தேடினர். வானொலிப் பெட்டியின் பணியும் அத்தகையதே. அலைவாங்கி எல்லா அலைகளையும் வாங்குகிறது. இசைவுச்சுற்று வேண்டிய ஒன்றை மட்டும் தேர்கிறது. பின்னர், அலை சுமந்து வந்த ஒலியை உணரி பிரித்தெடுக்கிறது. உணரி இல்லையேல் சிப்பி உண்டு, முத்து இல்லை. அந்த உணரியை உருவாக்குவதில் வெற்றி கண்டவர் சர் ஜகதீஷ் சந்திர போஸ்.

மீனவர் மகனுடன் ஒரே பலகையில்

போஸ் 1858 நவம்பர் 30 அன்று கிழக்கு வங்கத்தில் பிறந்தார். அரசு அதிகாரியான தந்தை பகவான் சந்திர போஸ், மகனை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பாமல் தாய்மொழிப் பள்ளியில் சேர்த்தார். அங்குப் பணியாளர் மகனும் மீனவர் மகனும் அவருடைய தோழர்களாயினர். அவர்கள் சொன்ன பறவை, விலங்கு, நீர்வாழ் உயிர்களின் கதைகள் இயற்கையை உற்றுநோக்கும் ஆர்வத்தை அவருள் விதைத்தன.

கொல்கத்தாவிலும் கேம்பிரிட்ஜிலும் பயின்று திரும்பிய அவர், 1885இல் கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பேராசிரியரானார். ஐரோப்பியர்க்கு அளிக்கப்பட்டதைவிடக் குறைந்த ஊதியமே அவருக்கு வழங்கப்பட்டது. அவ்வூதியத்தை ஏற்க மறுத்த அவர், பணியை மட்டும் விடவில்லை. மூன்று ஆண்டுகள் ஊதியமின்றியே கற்பித்தார். இறுதியில் அரசு இணங்கி, நிலுவையுடன் முழு ஊதியத்தையும் வழங்கியது.

துருவை வென்ற கருவி

தக்க ஆய்வகம் இல்லாத நிலையில், உள்ளூர்த் தகரத் தொழிலாளி ஒருவரைப் பழக்கித் தம் கருவிகளைச் செய்வித்தார். 1895இல் கொல்கத்தா நகர மண்டபத்தில், சுவர்களைக் கடந்து சென்ற மின்காந்த அலையால் மணியை ஒலிக்கச் செய்து, வெடிமருந்தையும் கொளுத்திக் காட்டினார். சில மில்லிமீட்டர் நீளமே உடைய அலைகளையும் அவர் ஆராய்ந்தார்.

அக்காலத்து அலை உணரி, இரும்புத்தூள் நிரம்பிய கண்ணாடிக் குழாய். அலை பட்டதும் தூள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், மின்னோட்டம் பாயும். ஆனால் அவை தாமாகப் பிரியா. ஒவ்வொரு முறையும் குழாயைத் தட்டிவிட வேண்டும். மேலும், கொல்கத்தாவின் ஈரக்காற்றில் தூள் துருப்பிடித்தது. உப்புக்காற்றில் இரும்பு படும் பாட்டைக் கடற்கரை மக்கள் நன்கறிவர். போஸ் தூளுக்கு மாற்றாக எஃகுச் சுருள்களை அமைத்து, அவற்றின்மேல் கோபால்ட் பூசினார். 1899இல், இரும்பும் பாதரசமும் இணைந்த, தட்டாமலே பழைய நிலைக்குத் திரும்பும் உணரியைப் பற்றி இலண்டன் அரசக் கழகத்தில் கட்டுரை வழங்கினார்.

1901 டிசம்பரில், அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்த சைகையைப் பெற்றதாக மார்க்கோனி அறிவித்தார். அவர் பயன்படுத்திய பாதரச உணரியின் மூலம் போசின் கட்டுரையே என ஆய்வாளர்கள் பின்னாளில் எடுத்துக்காட்டினர். புகழோ மார்க்கோனியைச் சேர்ந்தது.

விற்பனைக்கு வாராத அறிவு

1901இல் போஸ் இலண்டனில் இருந்தபோது, தந்தி நிறுவன உரிமையாளர் ஒருவர் காப்புரிமைப் படிவத்துடன் அவரை அணுகி, பெரும்பொருள் ஈட்டலாம் என்றார். பணத்தாசை பிடித்தால் ஆய்வு பின்தள்ளப்படும் என்று அஞ்சிய போஸ், அதை மறுத்தார். நண்பர்கள் வற்புறுத்தியதால் கலீனா எனும் ஈயக் கனிமப் படிகத்தாலான உணரிக்கு மட்டும் விண்ணப்பித்தார். 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. அதையும் அவர் வருவாய்க்குப் பயன்படுத்தாமல் காலாவதியாக விட்டார்.

அவ்வகைப் படிகங்கள் பின்னாளில் மின்கலம் இல்லாமலே இயங்கும் எளிய வானொலிகளின் உயிராயின. டிரான்சிஸ்டரை உருவாக்கியோருள் ஒருவரான பிராட்டைனும் அவருடைய சக அறிஞர் பியர்சனும், குறைக்கடத்திப் படிகத்தை வானொலி உணரியாக முதலில் பயன்படுத்தியவர் போசே என 1955இல் எழுதினர்.

இன்றும் தொடரும் அலை

செடிகளின் உணர்ச்சியையும் ஆராய்ந்த போஸ், 1917இல் கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கினார். 1937 நவம்பர் 23 அன்று மறைந்தார்.

போஸ் அலைகளை எழுப்பியது மின்பொறியால். இன்று மகிழுந்தின் பெட்ரோல் பொறியில் தோன்றும் மின்பொறியும் அலை எழுப்பி, மத்திய அலை வானொலியில் இரைச்சலைக் கலக்கிறது. அவ்விரைச்சலைக் களைந்து ஒலியைத் தெளிவாக்கும் சில்லுகளும் குறைக்கடத்திகளால் ஆனவையே. கடற்கரைச் சாலையில் பாட்டு கேட்டுச் செல்வோர் அவர் பெயரை அறியாதிருக்கலாம். ஆயினும், விலை பேசாமல் அவர் உலகுக்கு வழங்கிய அறிவு ஒவ்வோர் ஊர்தியிலும் உடன் பயணம் செய்கிறது.