காஞ்சிக் கடிகையும் பன்னிரண்டு வயசு ராஜாவும்

கிளாஸ் ரெப்னா உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? யாரையோ கை காட்டுவாங்க, அன்னையிலிருந்து அவர் ரெப். ரெக்கார்டு நோட்டைத் தூக்கிட்டுப் போறது, சிம்போசியத்துக்குக் காசு வசூல் பண்றது, இதுதான் அவர் வேலை. அதே ஆள் காலேஜை நடத்துற குழுவுல உட்கார்ந்து முடிவெடுக்கலாமான்னு கேட்டா சிரிப்பீங்க.

ஸ்காட்லாந்துல சிரிக்க மாட்டாங்க. அங்கே கிளாஸ்கோ, எடின்பரோ மாதிரி பல நூற்றாண்டு பழைய பல்கலைக்கழகங்கள்ல மாணவர்கள் ஓட்டுப் போட்டு ரெக்டர்னு ஒருத்தரைத் தேர்ந்தெடுக்கிறாங்க. 1972-ல் எடின்பரோவில் ஜெயிச்சவர் கார்டன் பிரவுன். அவரே அப்போ மாணவர். பல்கலைக்கழக நிர்வாகக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். 2007-ல் பிரிட்டனுக்கே பிரதமர் ஆனார்.

நம்ம பக்கம் இப்படி ஏதாவது உண்டான்னு தேடினா, ஒரு பல்லவ ராஜாவின் வாழ்க்கை கிடைக்குது. ஹாஸ்டல்ல இருந்து மாமல்லபுரம் எத்தனை தடவை போயிருப்பீங்க? அங்கே கடற்கரைக் கோயிலைக் கட்டினவர் ராஜசிம்மன். காஞ்சி கைலாசநாதர் கோயிலும் அவர் கட்டினதுதான். அவர் செஞ்ச இன்னொரு வேலை அவ்வளவாத் தெரியாது: காஞ்சியில் இருந்த கடிகையை மறுபடி உயிர்ப்பித்தார்.

கடிகைன்னா அந்தக் காலத்து உயர்கல்விக் கூடம். ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்த ஒரு சபை. வேதமும் சாஸ்திரமும் படிக்க வெளியூர்லேர்ந்து ஆட்கள் வந்தாங்க. நாலாம் நூற்றாண்டில் மயூரசர்மன்னு ஒரு மாணவர் குருவோட இங்கே வந்தார். பல்லவர் குதிரைப்படை ஆளோடு தகராறு வந்து அவமானப்பட்டார். புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு வாளை எடுத்தார், பல்லவர்களையே எதிர்த்துக் கடம்ப அரசைத் தொடங்கினார். கர்நாடகாவில் தாளகுண்டா கல்வெட்டு இந்தக் கதையைச் சொல்லுது. புகார் சொல்ல ஒரு இடம் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

கிட்டத்தட்ட நானூறு வருஷம் கழிச்சு, கி.பி. 731 வாக்கில், ராஜசிம்மனின் மகன் இரண்டாம் பரமேசுவரவர்மன் இறந்துபோனார். வாரிசு இல்லை. நாடு தத்தளிச்சது. அப்போ ஒரு குழு கிளம்பியது. அதில் அமைச்சர்கள் இருந்தாங்க, மூலப்பிரகிருதிகள்னு சொல்லப்பட்ட குடிமக்கள் தலைவர்கள் இருந்தாங்க, கூடவே கடிகையாரும் இருந்தாங்க. கவனிங்க, ராஜாவைத் தேடிப் போன குழுவில் கல்விக்கூடத்துக்கு ஒரு இடம் இருந்தது.

அவங்க போய்ச் சேர்ந்தது பல்லவ வம்சத்தின் இன்னொரு கிளையில் வந்த இரணியவர்மனிடம். அவர் சொந்தக்காரங்களைக் கேட்டார், மறுத்துட்டாங்க. நாலு மகன்களைக் கேட்டார். ஸ்ரீமல்லன், ரணமல்லன், சங்கிராமமல்லன் மூணு பேரும் வேண்டாம்னு ஒதுங்கிட்டாங்க. கடைசிப் பையன் பல்லவமல்லன் மட்டும் நான் போறேன்னு முன்னால வந்தான். அவனுக்கு வயசு 12. அப்பாவுக்கு மனசு வரலை, பெரியவங்க பேசித் தேற்றின பிறகுதான் அனுப்பினார்.

காடு, மலை, ஆறு தாண்டி அந்தப் பையன் காஞ்சிக்கு வந்தான். முடிசூட்டின கூட்டத்திலும் கடிகையார் இருந்தாங்க. அன்னையிலிருந்து அவர் பெயர் நந்திவர்மன். பின்னால் அவரே கட்டின வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இந்தக் காட்சிகள் வரிசையா சிற்பமா இருக்கு, கீழே எழுத்தும் இருக்கு. அடுத்த தடவை பட்டுப்புடவை வாங்க வீட்டுக்காரங்களோட காஞ்சிபுரம் போனா அரைமணி நேரம் அங்கே ஒதுக்குங்க.

தேர்ந்தெடுக்கப்பட்டதால் வாழ்க்கை சுலபமாயிடலை. சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியையே பிடிச்சார். ஊரைக் கொளுத்தாமல், கைலாசநாதர் கோயில் சொத்தைத் திருப்பிக் கொடுத்துட்டுப் போனதா அந்தக் கோயில் தூணிலேயே கன்னடத்தில் வெட்டி வைத்திருக்கிறார். இன்னொரு சமயம் கும்பகோணம் பக்கம் நந்திபுரத்தில் எதிரிகள் நந்திவர்மனை முற்றுகையிட்டாங்க. தளபதி உதயசந்திரன் வந்து மீட்டார். இத்தனை அடி வாங்கியும் மனுஷன் நாற்காலியை விட்டு ஓடலை. அவருடைய 65-வது ஆட்சி ஆண்டைச் சொல்லும் கல்வெட்டு மாமல்லபுரத்தில் கிடைச்சிருக்கு. அப்படின்னா 12 வயசில் வந்த பையன் 77 வயசிலும் ராஜா.

அவருடைய காசக்குடிச் செப்பேடு அவரைக் குடிமக்கள் தேர்ந்தெடுத்த அரசன்னு சொல்லுது. வம்சப் பெருமை பேசற செப்பேட்டில் இதையும் சேர்த்து எழுதச் சொன்னார்னா, அவருக்கு அது வெட்கமா இல்லை, பலமா இருந்திருக்குன்னுதான் எனக்குத் தோணுது.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் மிகப் பழையவையும் இவர் காலத்தவைதான். 921-ல் முதலாம் பராந்தகன் காலத்தில் அதே ஊரில் குடவோலை விதிகளைக் கல்லில் வெட்டினாங்க. வயசு 35 முதல் 70. முந்தின மூணு வருஷத்துக்குள் பதவியில் இருந்தவர் நிற்கக்கூடாது. கணக்குக் காட்டாதவரும் நிற்கக்கூடாது, அவருடைய சொந்தக்காரங்களும் நிற்கக்கூடாது. நம்ம ஊர் கல்ச்சுரல்ஸ் கமிட்டிக்கு இந்தக் கணக்கு விதி ஒண்ணு போதும்!

இதையெல்லாம் ஜனநாயகம்னு தலையில் தூக்கி வைக்கவும் வேண்டாம். கடிகையில் படிச்சவங்க பிராமணர்கள். குடவோலைக்கு நிலமும் வீடும் வேதப் படிப்பும் வேணும். உழுதவருக்கு அதில் இடமில்லை, பெண்களுக்கும் இல்லை. அன்னைக்கு நீங்களும் நானும் இருந்திருந்தா நம்மில் முக்கால்வாசிப் பேர் வாசலுக்கு வெளியே நின்னிருப்போம்.

இன்னைக்கு நாம உள்ளே இருக்கோம். 2006-ல் லிங்டோ குழு கல்லூரிகளில் மாணவர் தேர்தல் நடத்தச் சொன்னது, உச்ச நீதிமன்றமும் அதை ஏத்துக்கிட்டது. வயசு வரம்பு, 75 சதவீத வருகை, செலவு 5000 ரூபாய்க்குள், தேர்தலுக்கு அப்புறம் கணக்குக் காட்டணும்னு விதிகளும் இருக்கு. உத்திரமேரூர் ஞாபகம் வருதா?

ஃபைனல் இயர் நாங்க இன்னும் சில மாசத்தில் கிளம்பிடுவோம். ஜூனியர்ஸ், உங்களுக்கு ஒரே ஒரு கோரிக்கை. மெஸ் கட்டணமோ பஸ் நேரமோ முடிவாகும் கூட்டத்தில் உங்க சார்பா ஒரு நாற்காலி இருக்கான்னு முதலில் கேளுங்க. இல்லைன்னா எழுதிக் கொடுத்துக் கேளுங்க. இருந்தா, யார் போறீங்கன்னு கேட்கும்போது மூணு அண்ணன்கள் மாதிரி பின்னால நகராதீங்க. கை தூக்குங்க.