கியூரி அம்மையாரின் போர்க்காலத் தொண்டு

ஆனி, ஆடித் திங்களில் குற்றாலச் சாரலில் நனையத் திரள்வோர் பலர். பாசி படர்ந்த பாறையில் கால் வழுக்கி வீழ்வாரும் உளர். அவரைத் தென்காசி அரசு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றால், எலும்பு முறிந்த இடத்தை ஊடுகதிர்ப் படம் விரைவில் காட்டிவிடும். கருவி அருகில் இருப்பதன் அருமை அப்போது விளங்கும். அக்கருவியை அடிபட்டோர் கிடந்த இடத்திற்கே கொண்டு சென்றவர் மேரி கியூரி அம்மையார்.

போலந்து நாட்டு வார்சா நகரில் 1867ஆம் ஆண்டு பிறந்த அம்மையார், பாரிசு சென்று பயின்றார். கணவர் பியரி கியூரியுடன் 1898இல் பொலோனியம், ரேடியம் என்னும் தனிமங்களைக் கண்டறிந்தார். 1906இல் கணவர் வண்டியில் அகப்பட்டு இறந்தபின், அவர்தம் ஆசிரியப் பணியைத் தாமே ஏற்றார். 1903இலும் 1911இலும் நோபல் பரிசு பெற்றார். இவை பலரும் அறிந்தவை. போர்க்காலத்தில் அவர் ஆற்றிய தொண்டினை அறிந்தோர் சிலரே.

1914இல் முதல் உலகப்போர் மூண்டது. ரேடியம் பகைவர் கையிற் சிக்குமென்று அஞ்சி, அதனை ஈயப் பேழையில் இட்டுப் போர்தோ நகரிற் சேர்த்துவிட்டு, அம்மையார் உடனே பாரிசு மீண்டார். போர்முனையிலோ வீரர் பலர் குண்டடி பட்டுக் கிடந்தனர். குண்டு உடலில் எங்கே தங்கியுள்ளதென அறியாத மருத்துவர், தசையைக் கிழித்துத் தேடினர். ஊடுகதிர்க் கருவிகள் சில இருந்தன. அவையும் பெருநகரங்களிலேயே இருந்தன.

அம்மையார் செல்வரை அணுகி மோட்டார் வண்டிகளைக் கேட்டுப் பெற்றார். மின்னாக்கும் பொறி, ஊடுகதிர்க் குழாய், இருட்டறைக்கு வேண்டும் கருந்திரை ஆகியவற்றை வண்டியில் ஏற்றினார். வண்டியின் எஞ்சினே மின்பொறியைச் சுழற்றியது. இத்தகைய வண்டிகள் 20 ஓடின. நிலையான கூடங்கள் 200 எழுந்தன. பத்து இலட்சத்திற்கு மேற்பட்ட வீரர் அவற்றாற் பயனுற்றனர் என்பர். அம்மையார் தாமே வண்டி ஓட்டப் பழகினார். வழியிற் பழுதுற்ற சக்கரத்தையும் தாமே மாற்றினார். ரேடியத்தினின்று எழும் ஆவியைச் சிறு கண்ணாடிக் குழாய்களில் அடைத்து மருத்துவமனைகளுக்கு அனுப்பியதும் உண்டு.

கருவிகள் பெருகின; இயக்கத் தெரிந்தோர் இலர். ஆகவே 1916 முதல் அம்மையார் மகளிர்க்குப் பயிற்சியளித்தார். மின்னியலும் உடற்கூறும் ஊடுகதிரின் இயல்பும் அங்குக் கற்பிக்கப்பெற்றன. போர்முனையில் உழைத்துவந்த மகள் ஐரீன், இருபது வயதும் நிரம்பாதவர், கற்பிப்பதிலும் துணை நின்றார். ஏறத்தாழ 150 மகளிர் தேர்ச்சி பெற்று மருத்துவமனைகளுக்குச் சென்றனர்.

கதிர்களால் விளையும் தீங்கு அந்நாளில் முற்றும் விளங்கவில்லை. காப்பும் போதியதாக இல்லை. எலும்பின் உட்சோறு பழுதுற்றுக் குருதி குன்றும் நோயால் 1934 ஜூலை 4ஆம் நாள் அம்மையார் மறைந்தார். ரேடியத்தினும் போர்க்கால ஊடுகதிரே அந்நோய்க்குப் பெருங்காரணமாயிருத்தல் கூடும் என்பது பின்னர் ஆராய்ந்தோர் கருத்து. அவ்வாண்டிலேயே சென்னைப் பொது மருத்துவமனையில் பர்னார்டு ஊடுகதிர் நிலையம் திறக்கப்பெற்றது. இக்கலை அங்கும் கற்பிக்கப்பெறலாயிற்று.