திருகோணமலைப் பெயர் தாங்கிய கலமும் அதனைச் சமைத்த பெருந்தச்சரும்

கோணேசர் மலைமேல் நின்று நோக்குவார்க்கு, மலைகள் அரணாய்ச் சூழ ஆழ்ந்து கிடக்கும் நமது உட்துறைமுகம் இயற்கையன்னை தன் கையாலே சமைத்த பேழையெனத் தோன்றும். போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் ஆங்கிலரும் இதன்பொருட்டுப் பொருதமை வரலாறு. 1795ஆம் ஆண்டில் ஆங்கிலர் கைப்பட்ட இத்துறை, 1957ஆம் ஆண்டிலே கடற்படைத் தளத்தோடு நம் நாட்டுக்கு மீண்டது. இச்செய்திகளை நம் மாணவர் பாடநூலிற் கற்பர். ஆயின், திருகோணமலை என்னும் பெயரைத் தாங்கி, இருநூறு ஆண்டுகள் கடந்து இன்றும் நீர்மேல் மிதந்துகொண்டிருக்கும் ஒரு மரக்கலம் உண்டென்பதையும், அதனைச் சமைத்தவர் ஆங்கிலர் அல்லர், நம்மையொத்த ஓர் ஆசிய மகனே என்பதையும் அறிந்தோர் நம்முட் சிலரே. கப்பற்கலை வரலாற்றிலே பெயர் நாட்டிய ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியா என்னும் அப்பெருந்தச்சரின் வாழ்வை இம்மலரிலே சுருங்கக் கூற விழைகின்றோம்.

வாடியா குடும்பத்தார் சூரத்து நகரத்துப் பார்சி மரபினர். மரக்கலம் சமைத்தல் அவர்தம் குலத்தொழில். அக்குடும்பத்து முன்னோரான லவ்ஜி நசர்வான்ஜி என்பார், கிழக்கிந்தியக் கம்பெனியாரின் அழைப்பை ஏற்று 1736ஆம் ஆண்டிற் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். இன்று மும்பை என வழங்கும் அந்நகரம் அந்நாளிற் பெரியதொரு பட்டினமன்று. அங்கே கப்பற்பட்டறைக்கு இடந்தெரிந்து வகுத்தவர் அவரே. நீரை வெளியேற்றிக் கப்பலின் அடிப்புறத்தைப் பழுதுபார்க்கத்தக்க உலர்துறை 1750இல் அங்கு அமைந்தது. 1754ஆம் ஆண்டிற் பிறந்த ஜம்சேட்ஜி, இந்த லவ்ஜியின் பெயரர், பொமன்ஜியின் மைந்தர்.

தலைமைத் தச்சரின் பெயரராயினும் அவர் தொழிலறியாமற் பதவி ஏறினாரல்லர். தம் ஒன்றுவிட்ட சகோதரரான பிராம்ஜியுடன் பட்டறையிலே சாதாரணத் தச்சராக அமர்ந்து, வாய்ச்சியும் உளியும் ஏந்தி, கூலிக்கு வேலை செய்தே கற்றார். மரத்தைத் தட்டிய ஓசையால் அதன் உட்பழுதை அறிதல், வளைந்த கிளையிலே விலாக்கட்டைக்குரிய இயற்கை வளைவைக் காணுதல், பலகையின் விளிம்பிற் பள்ளம் வெட்டி அடுத்த பலகையை அதனுட் பொருத்தி நீர் புகாது அடைத்தல் ஆகிய நுட்பங்கள் அக்குடும்பத்திற் கைவழியே வந்தவை. தந்தை தலைமுறையினர் மறைந்தபின், 1790ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் இருவரும் தலைமைத் தச்சராயினர். 1804இற் பிராம்ஜி காலமாகவே, முழுப் பொறுப்பும் ஜம்சேட்ஜியின் தோள்மேல் வந்தது.

அக்காலம் நெப்போலியனின் போர்க்காலம். இங்கிலாந்தின் ஓக்கு மரக்காடுகள் குறுகி, கடற்படைக்கு மரம் கிட்டாத நிலை தோன்றியது. மலையாளக் கரையின் தேக்கோ ஓக்கினும் நீண்ட காலம் உழைப்பது. ஓக்கு மரத்தின் அமிலம் தன்னுள் அறைந்த இரும்பாணியை அரிக்கும். தேக்கின் எண்ணெய்ப் பசை அதனைக் காக்கும். இவ்வுண்மையை உணர்ந்த கடற்படையார் தமக்குரிய போர்க்கலங்களைப் பம்பாயிலே கட்டுவிக்கத் துணிந்தனர். 1805இல் நீரிலிறங்கிப் பின்னர்ச் சல்செட் எனப் பெயர் பெற்ற கலம் அவ்வாறு எழுந்தது. 1810ஆம் ஆண்டில் 74 பீரங்கி தாங்கும் மிண்டன் என்னும் பெருங்கலத்தை அவர் முடித்தார். பிரித்தானியத் தீவுகளுக்கு வெளியே அக்கடற்படைக்கெனக் கட்டப்பெற்ற முதல் வரிசைப் போர்க்கலம் அதுவே.

அந்நாளைய போர்க்கலத்தை வெறும் மரவீடு எனக் கருதலாகாது. பாய்மரமும் கப்பியும் சுக்கானும் நங்கூரச் சுழலுருளையும் ஒன்றோடொன்று இயைந்து இயங்கும் அக்கலம், அக்காலத்து மனிதர் சமைத்த யந்திரங்களுள் மிகப் பெரியது. அதன் உறுப்புக்களோ ஓரிடத்துப் பொருள்களல்ல. மரம் மலையாளக் கரையினின்றும் கடல்வழியே வரும். புழு துளையாதபடி அடிப்புறத்திற் போர்த்தும் செப்புத் தகடுகள் இங்கிலாந்திலிருந்து ஆபிரிக்காவைச் சுற்றி வரும். கட்டுவதற்குரிய வரைபடமும் அவ்வழியே வரவேண்டும். பின்னர் முடிந்த கலம் அதே கடல்களைக் கடந்து இங்கிலாந்துக்குச் செல்ல வேண்டும். வழியில் ஒன்று தவறினும் பட்டறையிலே பல நூறு கைகள் ஓய்ந்திருக்கும்.

அவ்வாறே ஒன்று தவறியது. 1812ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள், பம்பாயின் புதிய படைத்தளபதியையும், கட்டப்பட்டுவந்த கோர்ன்வாலிஸ் கலத்துக்குரிய செப்பையும், புதிய கலங்களின் வரைபடங்களையும் ஏற்றிவந்த ஜாவா என்னும் போர்க்கலம், பிரேசில் நாட்டுக் கரைக்கப்பால் அமெரிக்கரின் கொன்ஸ்டிடியூசன் என்னும் கலத்தோடு பொருது தோற்றது. சிதைந்த ஜாவாவை அமெரிக்கர் எரித்தனர். இழந்தவற்றுள் ஒன்று நம் ஊர்ப்பெயர் பூண இருந்த கலத்தின் வரைபடம். மற்றொரு படி எழுதுவித்து மீண்டும் அனுப்பவேண்டியதாயிற்று. வெலஸ்லி என்னும் கலத்தின் படமும் தொலைந்தமையால், அதனைக் கோர்ன்வாலிஸ் கலத்தின் வடிவைப் பின்பற்றியே கட்டி 1815இல் முடித்தனர்.

காலம் தாழ்த்தி 1816ஆம் ஆண்டிலே திருகோணமலைக் கலத்துக்கு ஏரா என்னும் அடிக்கட்டை இடப்பெற்றது. பார்சி மரபின்படி, எழுத்துப் பொறித்த வெள்ளியாணி ஒன்றை ஜம்சேட்ஜி அதில் அறைந்து மங்கலம் செய்தார். அக்கலத்தின் பீரங்கித் தளத்தின் நீளம் ஏறத்தாழ 150 அடி. அகலம் 40 அடி. கொள்ளளவு ஆயிரந் தொன்னுக்கு மேற்பட்டது. 1817ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் அது நீரிலே மிதந்தது. முதற் பயணத்திலே 1819 ஜனவரியிற் செயின்ற் ஹெலினாத் தீவையடைந்தது. நெப்போலியன் சிறையிருந்த தீவு அது. அவருக்கு மருத்துவம் செய்த வைத்தியர் ஒருவர் ஆங்கே கலமேறினார். அவ்வாண்டின் முற்பாதியிற் போர்ட்ஸ்மத் துறையை அக்கலம் அடைந்தது. ஆனால் போர் அதற்கு முன்னரே ஓய்ந்துவிட்டமையால், பாய்மரங் களைந்து பல ஆண்டுகள் அது வாளா கிடந்தது.

ஜம்சேட்ஜியின் திறமையைக் கம்பெனியார் வெள்ளி அளவுகோல் அளித்துப் போற்றினர். கடற்படையாரும் வெள்ளிக் கிண்ணம் வழங்கினர். இடையிற் செருகிய அளவுகோலோடும் கையில் ஏந்திய கவராயத்தோடும் விளங்கும் அவருடைய ஓவியம், இலண்டனை அடுத்த கிறீனிச்சுக் கடல்சார் அரும்பொருட் காட்சிச்சாலையில் உள்ளது. வரிசைகள் இவ்வாறு வந்தபோதும், நிறத்தால் இழிக்கப்படுதல் நின்றபாடில்லை. தாம் கட்டிய கலமொன்றின் அடிக்கட்டைமேல், இதனைக் கட்டியவன் ஒரு கறுப்பன் எனத் தம்மை ஆங்கிலர் ஏசும் சொல்லாலேயே அவர் ஒருவரும் காணாதபடி செதுக்கிவைத்தார் என்றும், பல்லாண்டு சென்று கலம் பழுதுபார்க்கப்பட்டபோது அது வெளிப்பட்டது என்றும் ஒரு கதை வழங்கும். வாயாற் கூற இயலாததை உளியாற் கூறிய அச்செயல் மெய்யாயினும் புனைவாயினும், அக்காலத்துக் கைவினைஞர் நெஞ்சிற் கனன்றதை அது காட்டும்.

இவ்வாழ்வில் நிழலும் உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. கடற்படையின் தேக்குப் பசியைத் தீர்க்க, 1806இல் வாட்சன் என்னும் கப்டன் மலையாளத்துக் காடுகளுக்குக் காவலராக நியமனம் பெற்றார். மரம் வெட்டும் உரிமை நிலத்துக்குரியோரிடமிருந்து பறிபோயிற்று. குடிகளின் மனக்கசப்பால் 1823இல் அவ்வேற்பாடு கைவிடப்பட்டது. ஜம்சேட்ஜி கட்டிய கோர்ன்வாலிஸ் கலத்தின் தளத்திலேதான், அபினிப் போரிலே தோற்ற சீனர் 1842இல் நான்கிங் உடன்படிக்கைக்குக் கைச்சாத்திட்டனர். ஆசியன் ஒருவன் கை கட்டிய கலம் பிற ஆசியரை அடக்கப் பயன்பட்டது. மறுபுறம், இந்தியாவிற் கட்டிய கலங்கள் தேம்ஸ் ஆற்றிலே நுழைவது கண்டு வெகுண்ட இலண்டன் கப்பற்றச்சர்கள் முறையிட, அக்கலங்களுக்கும் அவற்றின் மாலுமிகளுக்கும் தடைகள் விதிக்கப்பெற்றன. திறமைக்குத் தோற்றோர் சட்டத்தால் வென்றனர் எனலாம்.

1821ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் ஜம்சேட்ஜி இவ்வுலகை நீத்தார். அப்போது பட்டறையிலிருந்த 84 பீரங்கிக் கலமாகிய கங்கை, அவ்வாண்டு நவம்பரிலே நீரிலிறங்கியது. மைந்தர் நவ்ரோஜி தொழிலைத் தொடர்ந்தார். ஆயினும் காலம் மாறிற்று. நீராவியும் இரும்பும் வந்தன. பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குச் சென்ற யந்திரம் இனி இங்கிலாந்திலிருந்து பம்பாய்க்கு வரலாயிற்று. அக்குடும்பத்து இளைஞரான அர்தசீர் குர்செட்ஜி மட்டும் மனந்தளராது நீராவி யந்திரக்கலை பயின்று, 1841இல் இலண்டன் றோயல் சங்கத்தின் அங்கத்தவரான முதல் இந்தியர் என்னும் பெருமை எய்தினார்.

கலங்களின் கதை அவற்றைக் கட்டியவரோடு முடியவில்லை. வெலஸ்லி, தேம்ஸ் ஆற்றிலே பயிற்சிக் கப்பலாய்க் கிடந்து, 1940ஆம் ஆண்டிலே ஜேர்மனியரின் குண்டுக்கு இரையாயிற்று. திருகோணமலைக் கலமோ 1840ஆம் ஆண்டுகளிற் புதுப்பிக்கப்பெற்று, அமெரிக்கக் கரைகளிலும் பசிபிக்குப் பெருங்கடலிலும் உலவியது; பின்னர்ப் பயிற்சிக் கப்பலாயிற்று. 1897இல் உடைப்பார் கைக்கு விலைப்பட்டுப் போக இருந்த அதனைக் கொப் என்னும் செல்வர் வாங்கிக் காத்தார். ஆயின் பெயரை மாற்றிப் பூட்ரோயண்ட் என வைத்தார். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நம் ஊர்ப்பெயர் அதனிடம் இல்லை. 1987இல், கடல்கள் பலவற்றைக் கடந்த அக்கலமே பாரப்பொருளாகிப் பாரப்படகொன்றில் ஏறி, இங்கிலாந்தின் வடகிழக்குக் கரையிலுள்ள ஹாட்டில்பூல் துறையைச் சேர்ந்தது. 1992இற் பழைய பெயர் மீண்டது. 2001இற் புதுப்பித்தல் நிறைவெய்தியது. கட்டி இருநூறாண்டு சென்ற பின்னும் அது நீர்மேல் மிதந்து நிற்கின்றது. அதனினும் மூத்துப் போஸ்டன் துறையில் இன்றும் மிதக்கும் போர்க்கலம், அதன் வரைபடத்தைக் கடலில் அழித்த அதே கொன்ஸ்டிடியூசன்! ஊழின் விளையாட்டு இதுவெனில் மிகையாகாது.

நமது துறையோ கலங்களைக் காத்ததோடு விழுங்கியதும் உண்டு. 1944 ஆகஸ்டு 8ஆம் நாள், வேலியன்ற் என்னும் போர்க்கப்பலைத் தூக்கிய மிதக்கும் துறை, நீர்த்தொட்டிகளைத் தவறான ஒழுங்கிற் கையாண்டமையால் முதுகு முறிந்து இங்கு அமிழ்ந்தது. பாரமான யந்திரத்தை நடத்துவதற்கு அளவு கடந்த வலிமை வேண்டுவதில்லை. முறையறிந்த கையே வேண்டும் என்பதற்கு இது சான்று. அத்தகைய கையைப் பெறவே ஜம்சேட்ஜி தலைமகனாயிருந்தும் கூலித்தச்சராய் அமர்ந்தார்.

நம் கல்லூரியினின்று வெளியேறும் இளைஞர் பலர் இன்று துறைமுகத்திலும் கப்பல்களிலும் யந்திரசாலைகளிலும் கடல்கடந்த நாடுகளிலும் பணியாற்றுகின்றனர். பட்டத்தினும் பதவியினும் கைத்திறன் தாழ்ந்ததெனக் கருதும் மனப்பான்மை நம்மை விட்டு இன்னும் அகலவில்லை. திருகோணமலையின் பெயரை இருநூறாண்டு கடந்து உலகறிய நிலைநிறுத்தியது படைத்தலைவர் எவரது வாளுமன்று. ஒரு தச்சரின் உளியே. ஹாட்டில்பூல் துறைக்குச் செல்ல வாய்ப்புறும் நம் பழைய மாணவர், அக்கலத்தின் மேற்றளத்தோடு நின்றுவிடாது கீழேயும் இறங்கி, அத்தேக்குப் பலகைகளைத் தொட்டுப் பார்த்து வருவாராக. அங்கே நம் ஊரின் பெயர் உண்டு. அதனைக் கட்டிய கையின் பெயரையும் உடன் நினைவு கூர்தல் நமது கடன்.