ஹாவர்ட் ஜார்விஸ்

ஹாவர்ட் ஜார்விஸ் (செப்டம்பர் 22, 1903 – ஆகஸ்ட் 12, 1986) ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த தொழிலதிபரும் வரி எதிர்ப்பு இயக்கத் தலைவரும் ஆவார். 1978 இல் சொத்து வரியைப் பெருமளவு குறைத்த 13ஆம் முன்மொழிவின் மூலம் உலகெங்கும் அறியப்பட்டார்.

வாழ்க்கை

யூட்டா மாநிலத்தில் மோர்மன் குடும்பமொன்றில் பிறந்த ஜார்விஸ், அங்கு சிறு செய்தித்தாள்களை நடத்தினார். 1930களில் கலிபோர்னியாவில் குடியேறி ஆலைத் தொழிலில் ஈடுபட்டார். 1962 இல் செனட் சபைக்கான குடியரசுக் கட்சி வேட்பாளர் தேர்வில் தோல்வியுற்றார். பின்னர் தொழிலிலிருந்து ஓய்வுபெற்று, வரிக்குறைப்பையே முழுநேரப் பணியாகக் கொண்டார். லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் அடுக்குமாடிக் கட்டட உரிமையாளர் சங்கத்திலும் பணியாற்றினார். எதிர்ப்பாளர்கள் இதை அடிக்கடி சுட்டிக்காட்டினர்.

13ஆம் முன்மொழிவு

1970களில் கலிபோர்னியாவில் வீட்டு விலை மிக விரைவாக ஏறியது. வரி சந்தை மதிப்பைப் பின்தொடர்ந்ததால், வருமானம் உயராத முதியோர் தம் வீட்டையே இழக்க நேரிடும் என அஞ்சினர். மாநில அரசின் கருவூலத்திலோ உபரி குவிந்திருந்தது. ஜார்விசும் பால் கேனும் 12 இலட்சத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டினர். 1978 சூன் 6 அன்று ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஆதரவாக வாக்களித்தனர்.

இதன்படி சொத்து வரி, மதிப்பீட்டில் 1 விழுக்காட்டுக்குள் அடக்கப்பட்டது. மதிப்பீடு 1975ஆம் ஆண்டு நிலைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஆண்டுக்கு 2 விழுக்காட்டுக்கு மேல் உயரக்கூடாதென வரையறுக்கப்பட்டது. சொத்து கைமாறும்போது புதிய சந்தை மதிப்பு கணக்கிடப்படும். ஆகவே ஒரே தெருவில் ஒத்த இரு வீடுகளில், புதிதாக வாங்கியவர் பழைய உரிமையாளரைவிடப் பன்மடங்கு வரி செலுத்தலாயினர். 1992 இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இம்முறையைச் செல்லுபடியாகும் என ஏற்றது. வணிகக் கட்டடங்களுக்கும் இதே சலுகை கிடைத்தது. வாடகை குறையும் என ஜார்விஸ் அளித்த உறுதி நிறைவேறவில்லை. சினமுற்ற வாடகையாளர்கள் சாண்டா மோனிக்கா போன்ற நகரங்களில் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டங்களைக் கொண்டுவந்தனர்.

பள்ளிகள் மீதான விளைவு

சொத்து வரி வருவாய் பாதிக்கும் மேலாக வீழ்ந்தது. அதுவரை பள்ளிகளின் முதன்மை வருவாய் அதுவே. அவ்வாண்டு பல பள்ளி மாவட்டங்கள் கோடைகால வகுப்புகளை நிறுத்தின. முன்மொழிவை எதிர்த்திருந்த ஆளுநர் ஜெரி பிரவுன், உபரி நிதியைக் கொண்டு பள்ளிகளைத் தாங்கினார். அதன்பின் பள்ளி நிதியின் பெரும்பகுதி மாநில அரசின் பொறுப்பாயிற்று. வருமான வரியையும் விற்பனை வரியையும் சார்ந்த அந்நிதி, பொருளாதார மந்தக் காலங்களில் சுருங்கியது. 1980களில் ஒரு மாணவருக்கான செலவு நாட்டின் சராசரிக்குக் கீழே சென்றது. இதற்கு 13ஆம் முன்மொழிவு மட்டுமே காரணமன்று. செல்வந்த, ஏழை மாவட்டங்களுக்கிடையேயான நிதி வேறுபாட்டைக் குறைக்குமாறு 1971, 1976 ஆண்டுகளில் மாநில உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்புகள் உள்ளூர் வரிக்கும் உள்ளூர்ப் பள்ளிக்குமான பிணைப்பை முன்னரே தளர்த்தியிருந்தன.

பிற்காலம்

1980 இல் மாநில வருமான வரியைப் பாதியாகக் குறைக்க ஜார்விஸ் கொண்டுவந்த முன்மொழிவை வாக்காளர்கள் நிராகரித்தனர். அவ்வாண்டு வெளியான ஏர்பிளேன் என்ற நகைச்சுவைத் திரைப்படத்தில், ஓட்டுநர் திரும்பி வருவாரென வாடகைக் காரில் காத்திருக்கும் பயணியாக நடித்தார். 1986 இல் லாஸ் ஏஞ்சலசில் காலமானார். இரண்டாண்டுகளுக்குப் பின், 1988 இல், மாநிலப் பொது நிதியில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைப் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் உறுதிசெய்யும் 98ஆம் முன்மொழிவு நிறைவேறியது. பெரிய வணிகச் சொத்துகளுக்கு மட்டும் சந்தை மதிப்பில் வரி விதிக்க முயன்ற 15ஆம் முன்மொழிவு 2020 இல் குறைந்த வாக்கு வேறுபாட்டில் தோற்றது.