பாட்டிலுக்குள்ள ஏன் தண்ணி? – டாக்டர் எவர்ட்ஸ் கிரஹாமின் கதை

குற்றால சீசன் வந்தா தென்காசியில எங்க வீடு சொந்தக்காரங்களால நிறைஞ்சிடும். ரெண்டு வருஷம் முன்னாடி மட்டும் நாங்க யாரும் அருவிப் பக்கம் போகல. அக்கா பையன், நாலு வயசு, திருநெல்வேலியில ஒரு ஆஸ்பத்திரியில இருந்தான். நிமோனியா. காய்ச்சல் இறங்கவே இல்ல. ஸ்கேன்ல பார்த்தா நுரையீரலுக்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவுல சீழ். இதுக்கு எம்பையீமான்னு பேரு. விலாவுக்கு நடுவுல ஒரு குழாய் போட்டு, அதோட மறுமுனையைத் தரையில இருந்த பாட்டில் தண்ணிக்குள்ள விட்டிருந்தாங்க. ஏன் தண்ணிக்குள்ளன்னு ஆச்சி கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. அதைத் தேடும்போதுதான் எவர்ட்ஸ் கிரஹாம் என்ற பெயர் கிடைச்சது.

கிரஹாம் 1883-ல் சிகாகோவில் பிறந்தவர். அப்பாவும் சர்ஜன். முதல் உலகப்போர் சமயத்துல, 1918-ல் அமெரிக்க ராணுவ முகாம்களில் தட்டம்மையும் அதைத் தொடர்ந்து நிமோனியாவும் பரவியது. பலருக்கு நெஞ்சில் சீழ் கட்டியது. அப்போதைய வழக்கம், உடனே விலா எலும்பில் ஒரு துண்டை வெட்டி, நெஞ்சைத் திறந்து சீழை வெளியேற்றுவது. அப்படிச் செய்தும் சுமார் 30 சதவீதம் பேர் இறந்துபோனாங்க. காரணம் கண்டுபிடிக்க ராணுவம் ஒரு குழு அமைத்தது. அதில் கிரஹாமும் இருந்தார்.

அவர் இதை நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் கணக்கு மாதிரி யோசிச்சார். நுரையீரலைச் சுற்றியுள்ள அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனாலதான் நுரையீரல் விரிஞ்சு நிக்குது. நெஞ்சில் பெரிய ஓட்டை போட்டா காற்று உள்ளே பாயும், நுரையீரல் சுருங்கும். ஒரு பக்கம் திறந்தா அந்தப் பக்கம் மட்டும்தான் பாதிக்கும்னு அதுவரை நம்பினாங்க. ரிச்சர்ட் பெல் என்பவரோடு சேர்ந்து நாய்களில் சோதித்து, நடுத்தடுப்பு மெத்தென்று நகரக்கூடியது, அதனால இரண்டு நுரையீரலும் பாதிக்கும்னு அவர் காட்டினார். ஏற்கெனவே நிமோனியாவில் மூச்சுக்குத் தவிக்கிறவன் அதை எப்படித் தாங்குவான்?

அவர் சொன்ன வழி எளிமையானது. ஆரம்பத்துல நெஞ்சைத் திறக்காதீங்க. காற்று புகாமல் சீழை மட்டும் எடுங்க. சீழ் இருந்த இடத்தைச் சுத்தப்படுத்தி, நுரையீரல் மறுபடி விரிஞ்சு அதை நிரப்பட்டும். நோயாளிக்கு நல்ல சாப்பாடு கொடுங்க. இறப்பு 5 சதவீதத்துக்கும் கீழே வந்தது. ஆன்டிபயாட்டிக் எதுவும் இல்லாத காலம் அது!

தண்ணி பாட்டில் அவர் கண்டுபிடிப்பு இல்ல. ஜெர்மனியின் பியூலாவ் 1891-லேயே எழுதி வச்சது. சீழும் காற்றும் குமிழாக வெளியே வரலாம், வெளிக்காற்று திரும்ப உள்ளே போக முடியாது. வாஷ் பேசினுக்கு அடியில் இருக்கிற வளைஞ்ச குழாயில் நிக்கிற தண்ணியும் இதே மாதிரிதான் காவல் காக்குது. அந்தக் காவல் ஏன் உயிர் பிழைக்கிற விஷயம்னு நிரூபிச்சது கிரஹாம். நம்ம பக்கத்துல 1949-ல் வேலூர் சி.எம்.சி.யில் ரீவ் பெட்ஸ் நெஞ்சு அறுவை சிகிச்சைக்கென்றே தனித் துறை தொடங்கினார்.

1933-ல் ஜேம்ஸ் கில்மோர் என்ற டாக்டருக்குப் புற்றுநோய் வந்த ஒரு நுரையீரலை முழுசா ஒரே தடவையில் எடுத்துக் காப்பாற்றினார் கிரஹாம். 1950-ல், மாணவர் எர்ன்ஸ்ட் வைண்டரோடு சேர்ந்து, சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார். முதல்ல அதை நம்பாதவர் அவர். அவரே நிறைய புகைப்பவர். கணக்கு காட்டினதும் ஒத்துக்கிட்டார், சிகரெட்டையும் விட்டார். ஆனா தாமதமாகிடுச்சு. 1957-ல் அதே நோயில் இறந்தார். இரண்டு நுரையீரலிலும் பரவியிருந்ததால, அவர் செய்துகாட்டிய ஆபரேஷன் அவருக்கே உதவல. கில்மோர் அப்போதும் உயிரோட இருந்தார்.

எனக்கு அவர்கிட்ட பிடிச்சது இதுதான்: கத்தியை எடுக்கும் முன்னாடி அழுத்தத்தைக் கணக்குப் போட்டார். கணக்கு தனக்கு எதிரா வந்தப்பவும் அதை மறைக்கல.

நாலாவது நாள் பாட்டிலில் குமிழ் நின்னுச்சு. அப்புறம் குழாயை எடுத்தாங்க. மருமகன் இப்போ ஒண்ணாங் கிளாஸ். போன சீசன்ல ஐந்தருவியில நின்னு அவன் போட்ட சத்தம், பக்கத்துல இருந்த எனக்குக் காது அடைச்சது. ஆச்சிக்கு இப்போ பதிலும் சொல்லிட்டேன்.