கியூவுக்குக் கணக்குக் கண்ட வாத்தியார் மகன்

டிக்கெட் கவுண்ட்டர், பாங்கி, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி... எங்கே போனாலும் கியூ! நிற்பவர் ஊழியரைக் குறை சொல்கிறார். ஊழியர் கூட்டத்தைக் குறை சொல்கிறார். இரண்டு பேர் மீதும் குற்றம் இல்லாமலேயே கியூ வளரும் என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டியவர், டென்மார்க் நாட்டைச் சேர்ந்த எர்லாங்.

டெலிபோனுக்காக அவர் போட்ட கணக்கு, இன்று கம்ப்யூட்டருக்கும் வழிகாட்டுகிறது.

14 வயதில் தேர்வு

அக்னர் கிராரூப் எர்லாங், 1878-ம் ஆண்டு ஜனவரி மாதம் 1-ந்தேதி லோன்போர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அந்த ஊர்ப் பள்ளிக்கூட ஆசிரியர்.

14-வது வயதில் கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்தின் ஆரம்பநிலைத் தேர்வை எழுதினார். வயது போதாததால் தனி அனுமதி பெற வேண்டியிருந்தது. சிறப்பாகத் தேறினார். பிறகு ஊருக்குத் திரும்பி, தந்தையின் பள்ளிக்கூடத்திலேயே 2 ஆண்டு பாடம் நடத்தினார்.

உபகாரச் சம்பளம் பெற்றுப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். 1901-ம் ஆண்டு கணிதத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். அதன் பின்னும் பல ஆண்டுகள் பள்ளி ஆசிரியராகவே இருந்தார்.

டெலிபோன் கம்பெனி

கணித அறிஞர்கள் கூடும் சங்கத்தில், கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியின் தலைமை என்ஜினீயர் ஜென்சன் அவருக்குப் பழக்கமானார். அவர் மூலம் 1908-ல் அந்தக் கம்பெனியில் எர்லாங்குக்கு வேலை கிடைத்தது.

தொடக்கத்தில் உதவிக்கு ஆள் இல்லை. தெருவுக்கு அடியில் செல்லும் கேபிள்களில் மின்சாரம் கசிகிறதா என்று பார்க்க அவரே போனார். ஏணி தூக்கிய தொழிலாளி ஒருவர் கூட வர, குழிகளில் இறங்கி அளவெடுத்தார்.

கம்பெனிக்குப் பெரிய தலைவலி வேறொன்று. லைன்கள் குறைவாக இருந்தால் சந்தாதாரர்கள் காத்துக் கிடப்பார்கள். அதிகமாகப் போட்டால் பணம் வீண். எத்தனை லைன் போட்டால் சரி?

ஒழுங்கில் அடங்கிய கூட்டம்

ஒரு மணி நேரத்தில் 100 பேர் பேச வருவார்கள் என்றால், அவர்கள் சீராக வருவது இல்லை. சில நிமிடம் ஒருவரும் வரமாட்டார்கள். திடீரென்று ஒரே நிமிடத்தில் ஐந்து பேர் வருவார்கள். இந்தத் தாறுமாறான வரவும் ஒரு கணித விதிக்கு உட்பட்டதே என்று 1909-ல் எர்லாங் நிரூபித்தார்.

1917-ல் மேலும் இரண்டு சூத்திரங்களை வெளியிட்டார். எல்லா லைனும் நிறைந்து, எத்தனை பேர் திருப்பி அனுப்பப்படுவார்கள் என்று சொல்வது ஒன்று. காத்திருக்க இடம் கொடுத்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள் என்று சொல்வது மற்றொன்று.

உதாரணமாக, மணிக்கு 100 பேர், ஆளுக்கு 3 நிமிடம் பேசுகிறார்கள். மொத்தம் 300 நிமிடம். 5 லைன் போதும் என்று தோன்றும். ஆனால் 5 லைன் மட்டும் இருந்தால் 100 பேரில் 28 பேருக்கு லைன் கிடைக்காது. 10 லைன் இருந்தால் இரண்டு பேருக்குத்தான் ஏமாற்றம். இது எர்லாங் சூத்திரம் காட்டும் விடை.

பிரிட்டிஷ் தபால் இலாகாவும் இந்தச் சூத்திரத்தை ஏற்றுக்கொண்டது.

எளிய வாழ்வு

எர்லாங் திருமணம் செய்துகொள்ளவில்லை. புத்தகங்களே அவரது சொத்து. உதவி கேட்டு வந்த ஏழைகளுக்கு இல்லை என்று சொல்லாதவர். கம்பெனியில் சுமார் 20 ஆண்டுகள் நோய் என்று லீவு போடாமல் உழைத்தார். 1929-ம் ஆண்டு ஜனவரியில் வயிற்று நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார். ஆபரேஷன் நடந்தும் பலன் இல்லை. பிப்ரவரி 3-ந்தேதி, 51-வது வயதில் காலமானார்.

1946-ல் டெலிபோன் பளுவை அளக்கும் அலகுக்கு அவரது பெயர் சூட்டப்பட்டது. ஒரு லைன் ஒரு மணி நேரம் முழுவதும் ஓய்வின்றி வேலை செய்தால் அது ஒரு எர்லாங். பெங்களூர் தூரவாணி நகரில் 1948-ல் தொடங்கிய ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் எக்சேஞ்சுகள் உருவாயின. எந்த எக்சேஞ்சு எவ்வளவு தாங்கும் என்பதற்கு அளவுகோல் இந்த எர்லாங்தான்.

கம்ப்யூட்டர் டிஸ்க்

கம்ப்யூட்டரில் தகவல்களைச் சேமிக்கும் டிஸ்க், கிராமபோன் தட்டுப்போல் சுழல்கிறது. நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் டிஸ்க்குகள் உண்டு. கேட்ட தகவல் இருக்கும் இடத்துக்கு, அதைப் படிக்கும் முனை நகர வேண்டும். தட்டும் சுழன்று வந்து சேர வேண்டும். அதற்குள் அடுத்த வேலைகள் வந்து கியூ நிற்கின்றன. இதற்கும் எர்லாங் வழிக் கணக்குதான்!

ஒரு வேலைக்கு 10 மில்லி செகண்டு என்று வைத்துக்கொள்வோம். டிஸ்க் பாதி நேரம் வேலை செய்தால், காத்திருப்பதும் சேர்த்து 20 மில்லி செகண்டு ஆகும். 80 சதவீதம் என்றால் 50. 90 சதவீதம் என்றால் 100. கடைசியில் வேலை கூடியது எட்டில் ஒரு பங்கு. நேரமோ இரண்டு மடங்கு! ஆகவே டிஸ்க் முழுப் பளுவையும் எட்டும் முன்பே, இன்னொரு டிஸ்க்கைச் சேர்த்து வேலையைப் பிரித்து விடுகிறார்கள்.

கவுண்ட்டருக்கும் இதே கதி. ஒரே கியூவுக்கு இரண்டு கவுண்ட்டர்கள். ஆளுக்கு 2 நிமிட வேலை. இரண்டு குமாஸ்தாக்களும் 45 சதவீத நேரமே வேலை செய்கிறார்கள். வந்தவர் சராசரி இரண்டரை நிமிடத்தில் போய்விடுவார். பாதி நேரம் சும்மா இருக்கிறார்களே என்று ஒரு கவுண்ட்டரை மூடினால், அதே கூட்டத்துக்குச் சராசரி 20 நிமிடம் ஆகும்.

குமாஸ்தா சும்மா இருப்பதாகத் தோன்றும் அந்த நேரம்தான், கியூ நீளாமல் காக்கிறது. கோபன்ஹேகனில் எர்லாங் போட்ட கணக்கு சொல்லும் சேதி அது.