தாமஸ் டி குவின்சி

தாமஸ் டி குவின்சி (ஆகஸ்ட் 15, 1785 – டிசம்பர் 8, 1859) ஓர் ஆங்கில எழுத்தாளர் ஆவார். தமது அபினிப் பழக்கத்தைப் பற்றி எழுதிய 'ஓர் ஆங்கில அபினி உண்பவனின் வாக்குமூலங்கள்' என்னும் நூலால் பெரிதும் அறியப்படுகிறார். இந்நூலின் கனவு வருணனைகளே பெரும்பாலும் பேசப்படுகின்றன. எனினும், நெடுங்காலம் உட்கொண்ட மருந்தின் அளவைக் குறைக்க முயன்ற நாட்களை அவர் எண்களில் பதிந்து வைத்திருப்பது அதற்குச் சற்றும் குறையாத முக்கியத்துவம் உடையது.

இளமை

மான்செஸ்டரில் வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். 1802 இல் பள்ளியை விட்டு ஓடி, வேல்சிலும் இலண்டனிலும் பசியோடு அலைந்தார். பின்னர் ஆக்சுபோர்டில் பயின்றாலும் பட்டம் பெறவில்லை. 1809 இல் கிராசுமியரில் கவிஞர் வேர்ட்சுவர்த் முன்பு வாழ்ந்த இல்லத்தில் குடியேறினார்.

அபினிப் பழக்கம்

1804 இல் முகவலிக்காக முதன்முதலில் அபினி உட்கொண்டார். அபினியைச் சாராயத்தில் கரைத்துச் செய்யப்படும் லாடனம் அக்காலத்தில் வலிக்கும் மனக்கலக்கத்துக்கும் உறக்கமின்மைக்கும் பொதுவான மருந்தாக இருந்தது. மருந்துக் கடைகளில் தடையின்றிக் கிடைத்தது. 1813 இல் கடும் வயிற்றுக் கோளாறு ஏற்பட்டதிலிருந்து அதை நாள்தோறும் உட்கொள்ளலானார். உச்ச அளவு நாளொன்றுக்கு 320 கிரெயின், அதாவது அவர் கணக்கில் லாடனம் 8,000 சொட்டுகள். 1817 இல் மார்கரெட் சிம்ப்சனை மணப்பதற்கு முன்னர் இதை எட்டில் ஒரு பங்காகக் குறைத்தார். அது எளிதாகவே நிகழ்ந்ததாக அவர் எழுதியுள்ளார். ஆனால் திருமணத்துக்குப் பின் பழக்கம் மீண்டும் முற்றியது, கொடுங்கனவுகளால் துன்புற்றார்.

அளவைக் குறைத்தல்

1821 இல் 'இலண்டன் மேகசின்' இதழில் பெயரின்றி வெளியான வாக்குமூலங்களின் முடிவில், அபினியை ஏறத்தாழ வென்றுவிட்டதாக வாசகர் கருதும்படி எழுதியிருந்தார். அது உண்மையன்று என்பதை 1822 இல் எழுதிய பின்னிணைப்பில் அவரே ஒப்புக்கொண்டார். அப்போது அவரது வழக்கமான அளவு 170 அல்லது 180 சொட்டுகள்.

அவ்வாண்டு சூன் 24 அன்று சுமார் 130 சொட்டுகளில் தொடங்கி, நான்காம் நாளே 80க்கு இறங்கினார். சில வாரங்கள் பெரும்பாலும் அந்த அளவை ஒட்டியே இருந்தார். ஆயினும் இடையில் ஒரு நாள் 300, மற்றொரு நாள் 350 எனப் பட்டியல் திடீரென ஏறுகிறது. இவ்வேற்றங்களை அவர் மறைக்கவில்லை. சூலை இறுதியில் 60 சொட்டுகள், மறுநாள் ஒன்றுமில்லை. ஏறத்தாழப் பத்தாண்டுகளில் அபினியின்றிக் கழிந்த முதல் நாள் அதுவே. 90 மணி நேரம் தாக்குப்பிடித்தபின் மீண்டும் 200 சொட்டுகள் உட்கொண்டார்.

உறக்கமின்மை, அமைதியின்மை, அடங்காத எண்ண ஓட்டம் ஆகியவற்றுடன், இரண்டு மணி நேரம் வரை நீடித்த தொடர் தும்மலையும் அவர் குறித்துள்ளார். தும்மல் அபினி வகை மருந்துகளை நிறுத்தும்போது தோன்றும் அறிகுறி என்பது இன்று நன்கறியப்பட்டது. அபினியிலிருந்து வேறுபட்ட வேதிப்பொருட்களான பென்சோடையசெபைன் வகைப் பதற்றத் தணிப்பு மருந்துகளையும் நீண்டகாலம் உட்கொண்டோர் திடீரென நிறுத்தலாகாது. வலிப்பு வரை நேரலாம். அவற்றை மருத்துவரின் மேற்பார்வையில், உடல் ஏற்கும் வேகத்தில் சிறிது சிறிதாகவே குறைக்கின்றனர். டி குவின்சிக்கு அத்தகைய வழிகாட்டுதல் இருக்கவில்லை. 60 சொட்டுகளிலிருந்து ஒரே நாளில் சுழியத்துக்குத் தாவியதே அவரது திட்டத்தின் பலவீனமான இடம் எனலாம்.

பிற்காலம்

பிற்காலத்தில் எடின்பரோவில் வாழ்ந்தார். கடன்காரர்களுக்கு அஞ்சி ஓலிரூட் புகலிட எல்லைக்குள் தங்க நேர்ந்தது. 1837 இல் மனைவி இறந்தார். 1840களில் அபினியின் அளவு மீண்டும் பெருகி, மீண்டும் குறைக்கப்பட்டது. முற்றிலும் விடுபட அவரால் இயலவில்லை. வாக்குமூலங்களை விரிவாக்கி 1856 இல் வெளியிட்டார். 1859 இல் தமது 74ஆம் வயதில் எடின்பரோவில் காலமானார். பிரித்தானியாவில் அபினி விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்த மருந்தகச் சட்டம் 1868 இல்தான் இயற்றப்பட்டது.